காட்டுப்பள்ளி கேட்டில் மூன்று நாள்

தான் பிறந்த மாதத்தையே நம்பாத மனிதர் எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

“ஆடி மாசம் பொறந்தேன்னு சொல்றாங்கோ நைனா” என்பார். “நானும் அந்த எடத்துல இருந்தவன்தான். ஆனா பாக்கல.”

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து நாம் சிரித்தால், பாவம் இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போலப் பார்ப்பார். ரேஷன் கார்டில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. தெருவில் அதை யாரும் தொட்டதில்லை. கார்ப்பரேஷன்காரர் வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு “அப்படி யாரும் இங்க இல்லையே சார்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். எங்களுக்கு அவர் ‘சொல்றாங்கோ’. நேரில் கூப்பிட்டால் ‘சொல்றாங்கோ அண்ணே’. அவரும் “இன்னா?” என்று திரும்பிவிடுவார்.

மணலி ரோடு பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை. கப்பலில் வந்த கன்டெய்னரைத் திறந்து சரக்கு இறக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணி எழுத வேண்டும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அட்டைப்பெட்டி முந்நூறு என்று எழுதலாம். மூலை நசுங்கியிருக்கிறது, ஈரம் ஏறியிருக்கிறது என்றும் எழுதலாம். ஒட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதக் கூடாது. வெளியே கொட்டை எழுத்தில் மின்விசிறி என்று அச்சடித்து, படமும் போட்டிருந்தாலும், ‘மின்விசிறி இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ என்றுதான் எழுத வேண்டும். திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு உள்ளே செங்கல் இருந்தால், அந்தச் செங்கல்லுக்குக் கையெழுத்துப் போட்டவன்தான் ஜவாப்தாரி.

மற்ற டேலி கிளார்க்குகள் இந்த வழக்கத்தை யார்டு வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

எதிர் வீட்டு மேஸ்திரி இறந்துபோனபோது வாசலில் பந்தல் போட்டு, சங்கு ஊதி, ஊரே கூடியிருந்தது. வழியில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “யாருங்க போயிட்டாங்க?” என்றார். சொல்றாங்கோ கைகட்டி நின்றபடி பதில் சொன்னார்.

“மேஸ்திரின்னு சொல்றாங்கோ.”

அழுதுகொண்டிருந்த மூத்த மகன் அழுகையை நிறுத்திவிட்டான். “இன்னா அண்ணே, எங்கப்பாதான் உள்ள கீறாரு!”

“இருப்பாருப்பா. ஐஸ் பொட்டி கண்ணாடி மேல அத்தினி மாலயப் போட்டு மூடிக்கீறீங்கோ. மூஞ்சி எங்க தெரியுது?”

பிறகு அவரே உள்ளே போய் ஒவ்வொரு மாலையாக ஒதுக்கினார். குனிந்து பார்த்தார். “அவருதான்” என்றார். அடுத்த நொடி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தவரைச் சுடுகாடு வரைக்கும் யாராலும் தேற்ற முடியவில்லை. பெற்ற பிள்ளைகளே கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தால் சாப்பிட்ட மாதிரிதான். “மட்டன் பிரியாணின்னு சொல்றாங்கோ” என்று ஆரம்பிப்பார். நமக்கு அதன் பிறகு ஒவ்வொரு துண்டும் சந்தேகமாக இருக்கும். தேரடியில் ஒரு கட்சிக்காரர் கூட்டம் போட்டு, ‘பத்தாயிரம் பேர் திரண்ட மக்கள் வெள்ளம்’ என்று மறுநாளே போஸ்டர் ஒட்டினார். அந்தப் போஸ்டருக்குக் கீழே நின்று, போகிற வருகிற எல்லோரிடமும், “பத்தாயிரம்னு சொல்றாங்கோ. நான் எண்ணுனது நானூத்திப் பன்னெண்டு. அதுல எட்டு பேரு சுண்டல் விக்க வந்தவங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் ஆளை அனுப்பினார். வந்த ஆளையும் நிற்கவைத்து அன்றைக்கு நாற்காலி எப்படிப் போட்டிருந்தது, வரிசைக்கு எத்தனை என்று கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். போன ஆள் திரும்பி வரவில்லை. ஒப்புக்கொண்டிருப்பான்.

பொய்யே சொல்ல மாட்டார் என்று அவரைப் பெருமையாகச் சொல்வார்கள். அது சரியில்லை. உண்மை, பொய் என்ற விவகாரத்துக்கே அவர் போனதில்லை. பார்த்தது, பார்க்காதது என்று இரண்டு கட்டுதான் அவரிடம் இருந்தது.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை போட்ட குடும்பம். கடையைத் தம்பி பார்க்கிறான். நான் ராயபுரத்தில், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன். நாற்பது வயதில் திடீரென்று எழுத்தாசை பிடித்தது. தெருவில் நடப்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். அதோடு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

காசிமேட்டு மீன் ஏலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை டீக்கடைக்கு எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“வானத்துல கடல் புறா வட்டமடிச்சுதுன்னு போட்டுக்கீறியே. எத்தினி?”

“அது எத்தனைன்னு எதுக்குண்ணே, சும்மா ஒரு இதுக்கு...”

“நீ பாத்தியா?”

நான் டீயை ஊதினேன்.

“அங்க சுத்துறது காக்கா நைனா. ஒண்ணு ரெண்டு பருந்து. காக்கான்னு எழுதுனா இன்னா, பத்திரிகைல போட மாட்டாங்களா?”

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் காசிமேட்டில் இறங்கிப் பார்த்தேன். காக்காதான். அத்தனை காக்கா இருக்கும்போது கடல் புறா எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏதோ சினிமாவில் பார்த்திருப்பேன்.

எழுத்தை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அடையாறு பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். ‘படைப்பூக்க அபுனைவு எழுத்துப் பயிலரங்கம்’ என்று பெயர். சொல்றாங்கோவிடம் சொன்னபோது காதில் வாங்கிக் கொஞ்ச நேரம் மென்றார்.

“இன்னா நைனா இது, பேரு சொல்ல சொல்லவே பல்லு ஆடுது. அப்பிடின்னா இன்னா?”

“நடந்ததை நடந்தபடி எழுதணும்ண்ணே. ஆனா படிக்கறவங்களுக்குக் கதை மாதிரி இருக்கணும்.”

“நடந்தத நடந்தபடி எழுதறதுக்கு எதுக்கு கிளாசு? நான் இருவத்தெட்டு வருசமா அத்தத்தானே எழுதிகினு கீறேன்.”

இரண்டாம் வகுப்புக்கு, தெரிந்த ஒருவரை அழைத்துவந்து அவரைக் கவனித்து எழுத வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான் இவரை அழைத்துப்போனேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கடைசி வரிசையில் குந்தினார். ஓர் அம்மா, தன் மூன்றாவது வயதில் மழை நாளில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டதை உருக்கமாக எழுதி வாசித்தார். மல்லிகை மணம், மண் வாசனை, தூரத்தில் ரயில். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்.

“யம்மா, மூணு வயசுல நடந்தது ஞாபகம் கீதா?”

அந்த அம்மா திகைத்துப்போய், “இல்லைங்க... அம்மா சொல்லுவாங்க” என்றார்.

“அப்ப ‘அம்மா சொல்லுவாங்கோ’ன்னு மொத வரில போட்டுடும்மா. இன்னும் நல்லா இருக்கும். உங்கம்மாவும் உள்ள வந்துடுவாங்கோ.”

நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். பயிற்சியாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், அடுத்த வாரம் சரிபார்த்தல் பற்றித்தான் வகுப்பு. நீங்களே எடுத்துடுங்களேன்” என்றார். “ஞாயித்துக்கெழம மூணு கன்டெய்னர் எறங்குதுன்னு சொல்றாங்கோ சார்” என்று மறுத்துவிட்டார்.

அந்த மூன்றாவது வகுப்புக்கு அவரும் வரவில்லை, நானும் போகவில்லை. புழலில் மச்சினன் வீட்டில் காதுகுத்து. காட்சியாக எழுதுவது எப்படி, உரையாடல் எழுதுவது எப்படி என்று முதல் இரண்டு வகுப்பில் கற்றுக்கொண்டேன். முடிவை நச்சென்று வைப்பது எப்படி என்று நாலாவதில் கற்றுக்கொண்டேன். எழுதும் முன் சம்பந்தப்பட்டவரிடம் போய்க் கேள் என்று சொல்லிக்கொடுத்த நேரத்தில், நான் அங்கே கறிக்குழம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நடுவில் சொல்றாங்கோ வீட்டில் நல்ல காரியம் கூடிவந்தது. அவருக்கு ஒரே பெண். விமலா என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் பெயரல்ல, அதை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவள் பத்தாவது படிக்கும்போது தாய் போய்விட்டாள். அப்புறம் அப்பாவும் பெண்ணும்தான். அவள் தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை எண்ணூர். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டர். பெண் பார்த்து, பூ வைத்து, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஆவணிக்குத் தேதி குறிக்கிற நிலைமை. அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது. கடைக்கு வந்தால் இரண்டு டீ குடித்தார்.

எனக்கு அப்போது பத்திரிகையில் ‘நடந்தது நடந்தபடி’ என்று வாராவாரம் ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் ஆசிரியர் போன் செய்து, “சார், சிரிக்கச் சிரிக்க ஒரு ஆள் வேணும். வியாழக்கிழமைக்குள்ள” என்றார். ஆளுக்கு எங்கே போவது என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடை பாய் கிளாசைக் கழுவியபடி பேச்சுவாக்கில் சொன்னார்.

“நம்ம சொல்றாங்கோ மூணு நாளா லீவ போட்டுட்டு காட்டுப்பள்ளி கேட்டாண்ட நிக்கிறாராம் சார். மாப்ள நெசமாவே அங்க வேல பாக்குறானான்னு எண்ணிகினு கீறாராம்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதைவிட ஒரு கட்டுரை கிடைக்குமா? அவர் வீடு அங்கிருந்து அறுபது அடி. உள்ளே விளக்கு எரிந்தது. எழுந்துபோய், “அண்ணே, பாய் இப்படிச் சொல்றாரே” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறந்துபோய்க் கேட்காமல் விடவில்லை. கேட்டால், அப்படியெல்லாம் இல்லை நைனா என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் என் கட்டுரை போய்விடும். இதை இதுவரைக்கும் என் மனைவியிடம்கூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

உட்கார்ந்து எழுதினேன். கற்றுக்கொண்ட வித்தை அத்தனையும் காட்டினேன். கேட்டுக்கு எதிரே இளநீர் வண்டிக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் ஒளிந்திருந்தார். மாப்பிள்ளை உள்ளே போகும்போது சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, வெளியே வரும்போது ஒரு கோடு. மூன்றாம் நாள் சாயங்காலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரக்கு கரெக்டு. டேமேஜ் இல்ல. எறக்கிக்கலாம்” என்றார். இதுதான் முடிவு. நச்சென்று இருந்தது. இளநீர் வண்டி, துண்டு, சாக்பீஸ், அந்த வசனம் எல்லாம் என் சொந்தச் சரக்கு.

பத்திரிகை வந்த அன்று போன் ஓயவில்லை. பயிற்சியாளர் போனில் கை தட்டுகிற எமோஜி வரிசையாகப் பதினொன்று அனுப்பியிருந்தார். நான் ஊர்ப் பெயரை எழுதியிருந்தேன். ‘சொல்றாங்கோ’ என்றும் எழுதியிருந்தேன். எண்ணூரில் ஒரு சலூனில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஷேவிங்குக்குக் காத்திருந்தபோது அந்தப் பத்திரிகையைப் புரட்டினார்.

நாலாம் நாள் மதியம் சொல்றாங்கோ என் ஆபீசுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. வெள்ளைச் சட்டை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து என் கட்டுரையைக் கத்தரித்து ஒட்டிய ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். வரிக்கு வரி பேனாவால் குறி போட்டிருந்தார். பக்கத்தில் யார்டில் எழுதுகிற மாதிரியே கோடு கோடாக ஒரு கணக்கு.

“மொத்தம் நாப்பத்திரெண்டு சமாச்சாரம் சொல்லிக்கீறே. நீ பாத்தது ஒம்போது. பாய் சொன்னது ரெண்டு. மீதி முப்பத்தொண்ணும் பொட்டியிலயே இல்ல நைனா.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சமாளித்திருப்பேன். “அண்ணே, அது சும்மா தமாஷுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“மாப்ள வூட்டுல வேணாம்னுட்டாங்கோ.”

நான் முன்னால் திறந்து கிடந்த ஃபைலை மூடி ஒதுக்கினேன்.

“‘எங்க புள்ள இன்னா அட்டப்பொட்டியா, டேமேஜ் கீதான்னு பாக்கறதுக்கு’ன்னு கேட்டாங்கோ. ஞாயம்தானே? நான் அந்த வார்த்தய சொல்லல. ஆனா அச்சுல கீதே.”

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நான் கேட்காமலே சொன்னார். அன்றைக்கு என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

“அவன் வேல பாக்கறான்னு எனக்குத் தெரியும் நைனா. அது எதுக்கு பாக்கணும்? விமலா தனிக்குடித்தனம் போனா, அவன் வேல வுட்டு வர வரிக்கும் தனியா இருக்கணும். மாப்ளய எத்தினி மணிக்கு வருவீங்கன்னு கேட்டேன். ஆறு மணின்னாரு. அத்த பாத்துரலாம்னு போனேன். மொத நாளு கேட்டாண்ட எத்தினி மணிக்கு ஷிப்ட் பஸ்ஸ எடுக்கறாங்கோன்னு பாத்தேன். ரெண்டாம் நாளு பின்னாடியே ஷேர் ஆட்டோல குந்திகினு வந்தேன். லாரி அடச்சுகினு எண்ணூர் வர சொல்ல மணி ஏழே கால். மூணாம் நாளு மாப்ளயே என்ன பாத்துட்டாரு. ‘இன்னா மாமா இங்க?’ன்னாரு. இருக்கறத சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்பாலிக்கா மோரு வாங்கிக் குடுத்தாரு. ‘ஏழு மணின்னு சொன்னா பொண்ணு குடுக்க யோசிப்பீங்கன்னு பயந்துட்டேன் மாமா’ன்னாரு. ரெண்டு பேரும் கட்டச் செவுத்து மேல குந்திகினு, விமலாக்கு மத்தியான ஷிப்ட் கேட்டு வாங்கிட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வூடு வந்துடலாம்னு பேசி முடிச்சோம். நல்ல புள்ள நைனா.”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார்.

“என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றார். போய்விட்டார்.

நான் எழுதியதையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டு, ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கப்போகிற ஒரு மணி நேரத்தை எப்படி ஒழிப்பது என்று யோசிக்கிறார்கள். நான் இளநீர் வண்டியையும் சாக்பீஸையும் வைத்து ஜோடித்தது இதன் கால் தூசிக்கு வருமா? கேட்டிருந்தால் கட்டுரையும் கிடைத்திருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும். இரண்டையும் நானே கெடுத்தேன்.

எண்ணூருக்கு ஓடினேன். தாய்மாமன் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைப் பையன் அவருக்குப் பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

“சார், நான் எழுதினதுல பாதிக்கு மேல கற்பனை. அவர் அப்படிச் சொல்லவே இல்லை” என்றேன்.

“அப்பிடியா? மேல ‘நடந்தது நடந்தபடி’ன்னு போட்டுக்கீது?”

“அது... பகுதியோட பேரு சார்.”

“நீ இப்ப சொல்றத நம்பணுமா, அச்சுல போட்டத நம்பணுமா? ரெண்டும் நீ சொன்னதுதானே?”

“மாமா, அவரு பஸ்ஸு பாக்கத்தான் வந்தாரு. நான்தான் சொன்னேன்ல” என்றான் பையன்.

“நீ உள்ள போ. தெருவே நம்மள பாத்து சிரிக்குது.”

அந்த வீட்டில் எனக்கு அதற்கு மேல் வேலை இல்லை. ஆசிரியரிடம் மறுப்பு போடச் சொன்னேன். “நகைச்சுவைக்கெல்லாம் யார் சார் மறுப்பு போடுவாங்க?” என்றார். நான் விடாமல் கெஞ்சியதில் இரண்டு வாரம் கழித்து ராசிபலனுக்குக் கீழே இரண்டு வரி வந்தது. எந்த ராசிக்காரரும் அதைப் படிக்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதுவதை அதோடு நிறுத்தினேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தால் அந்தக் கட்டைச் சுவர்தான் வந்து நின்றது.

ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் விமலாவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“சம்பந்தம் போனது போச்சு அங்கிள். நான் அழுது முடிச்சிட்டேன். ஆனா அப்பா இப்பல்லாம் யாரையும் ஒண்ணும் கேக்கறதே இல்ல. எது சொன்னாலும் ‘சரி’ன்றாரு. நேத்து பால்காரரு ரெண்டு நாளு பால் சேத்து சொன்னாரு. அதுக்கும் சரின்னிட்டாரு. எனக்கு அதான் பயமா கீது.”

அவள் சொன்னதை நான் நேரிலும் பார்த்தேன். டீக்கடையில் யாரோ ஒருவர், நேற்று எண்ணூர் கடலில் ஒரு மீன் பிடித்தார்கள், லாரி நீளம் என்று அளந்துகொண்டிருந்தார். பாய், நான், பேப்பர் படித்தவர்கள் எல்லோருமே சொல்றாங்கோவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் டீயைக் குடித்து முடித்து, “அப்பிடியா?” என்றார். கிளாசை வைத்துவிட்டு நடந்தார். ஒரு மனிதர் நாள் முழுக்க நம்மைக் கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறார் என்று அலுத்துக்கொண்டவர்கள் நாங்கள். அவர் கேட்பதை நிறுத்தியதும் எங்கள் தெருவில் யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகிவிட்டது. யாருக்கும் எதுவும் சொல்லப் பிடிக்கவில்லை.

என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். “நல்லா கீறியா?” என்பார். நான் “நல்லா இருக்கேன்ண்ணே” என்பேன். “சரி” என்பார். முன்பென்றால் அப்படி விட்டிருப்பாரா? “தூங்குனியா? மூஞ்சி வீங்கிக்கீதே. எத்தினி மணிக்குப் படுத்தே?” என்று நிற்கவைத்துத் துருவியிருப்பார்.

மறு வருடம் மீஞ்சூர் பக்கம் ஒரு யார்டுக்கு மாற்றிக்கொண்டு வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும்போது நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். பிடிக்க விட்டார்.

இந்தக் கட்டுரையை நான் எழுதி உடனே அனுப்பிவிடவில்லை. முதலில் விமலாவுக்குப் போனில் அனுப்பினேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுகிறேன், அப்பாவிடம் படித்துக்காட்டி முடிவு சொல்லு என்று எழுதினேன். ஒன்பது நாள் சத்தமே இல்லை. பத்தாம் நாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘போட்டுக்கச் சொன்னாரு. அப்புறம், மாப்ள வாங்கிக் குடுத்தது டீ இல்லையாம், மோராம்.’ அவர் என் ஆபீசில் உட்கார்ந்து சொன்னது என் ஞாபகத்தில் டீ என்றே பதிந்திருந்தது. மேலே திருத்திவிட்டேன். அந்தச் செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. ஒன்றும் கேட்காமல் சரி என்று விடாமல், ஒரு தப்பைப் பிடித்திருக்கிறார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

விமலாவுக்குப் போன தையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேறு. பொன்னேரிப் பக்கம் என்று பாய் சொன்னார். தெருவில் பாதிப் பேருக்குப் பத்திரிகை வந்தது, எனக்கு வரவில்லை. அதில் நான் குறைசொல்ல ஒன்றுமில்லை. போய்விட்டு வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்றாங்கோ பட்டுச் சட்டை போட்டிருந்தார் என்றார்கள், சிரித்துக்கொண்டே இருந்தார் என்றார்கள், பெண்ணை அனுப்பும்போது தேம்பித் தேம்பி அழுதார் என்றார்கள். தாலி கட்டும்போது அவர் எங்கே நின்றார், அந்த முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. எழுத மாட்டேன். நான் அங்கே இல்லை. பின்வரிசையில் ஒரு ஓரமாக நின்றாவது அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.